சென்டர் கல்லூரியின் 1921: நாலு வரியில் அடங்காத கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், பெரிய அணிகள் சின்ன அணிகளிடம் தோற்ற கதைகளைத் தொகுத்துப் போட்டிருந்தீர்கள். 1921இல் அமெரிக்க ஃபுட்பாலில் சென்டர் கல்லூரி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்த கதைக்கும் அதில் நாலு வரி கிடைத்திருந்தது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்த நாலு வரியில் இரண்டு விஷயம் என்னை உறுத்துகிறது. "மெக்மில்லின் அடித்த ஒரே கோலில்" என்று எழுதியிருக்கிறீர்கள். சென்டர் வீரரான அவர் கோல் அடிக்கவில்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு 32 கெஜம் ஓடினார். இது சின்னப் பிழை, விட்டுவிடலாம். "எங்கிருந்தோ வந்த ஒரு அணி நிகழ்த்திய ஒரு நாள் அதிசயம்" என்று முடித்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அந்த அணி எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எத்தனை வருடம் ஆயிற்று என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பிசிகல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் ஹாக்கிதான் பெரிது. இப்போது மகள் வீட்டில், கென்டக்கி மாநிலம் லெக்ஸிங்டனில் இருக்கிறேன். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் டான்வில். சென்டர் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர் கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கெஜ நீளமுள்ள மைதானம். பந்தைச் சுமந்துகொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. பின்னால் ஒரு உதை, அது கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னொரு புள்ளி. இன்று தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அன்று அப்படி இல்லை. தாக்கிய அதே பதினொரு பேர்தான் அடுத்த நிமிடம் தடுக்கவும் வேண்டும். முன்பக்கம் பந்தை எறியலாம் என்ற விதியே 1906இல்தான் வந்தது. அதற்கு முன் வருடங்களில் மைதானத்தில் பையன்கள் செத்தே போயிருக்கிறார்கள், அந்த அளவுக்கு முரட்டு ஆட்டம்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஆள் பலம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்வர்டில் மாணவர்கள் பல ஆயிரம். 1903இலேயே காங்கிரீட்டில் கட்டிய சொந்த ஸ்டேடியம். 1919, 1920 இரண்டு ஆண்டும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. 1920 புத்தாண்டு அன்று கலிபோர்னியா போய் ரோஸ் பௌல் என்ற பெரிய புத்தாண்டு ஆட்டத்தில் ஆரிகானை 7-6 என்று வென்று வந்தவர்கள். சென்டர் 1819இல் தொடங்கிய பிரெஸ்பிட்டீரியன் கல்லூரி. அந்த நாளில் மாணவர் தொகை முந்நூறைத் தொடவில்லை. டான்வில் ஊரே ஐயாயிரம் பேர் கொண்ட சின்ன ஊர். சரி, இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் சொல்லியிருந்தீர்கள். யாரும் சொல்லாமல் விடுவது ராபர்ட் மயர்ஸ் என்ற மனிதரை.

மயர்ஸை 'சீஃப்' என்று கூப்பிடுவார்கள். சென்டரில் படித்தவர். டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் நார்த் சைடு உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். அந்தப் பள்ளிப் பையன்களை வைத்துத்தான் இவர் கனவு கண்டார். ஆல்வின் மெக்மில்லின், அதாவது போ மெக்மில்லின், அங்கே அவரிடம் ஆடியவர். ரெட் வீவர், மேட்டி பெல், சல்லி மான்ட்கோமரி எல்லாரும் அதே பள்ளிதான். வீட்டில் வசதி கிடையாது. மெக்மில்லினுக்குப் பள்ளிப் படிப்பையே முழுதாக முடிக்க முடியவில்லை, கல்லூரியில் சேரத் தேவையான பாடங்கள் குறைந்தன.

இந்த இடத்தில் மயர்ஸ் செய்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் மெக்மில்லினையும் வீவரையும் டெக்சஸிலிருந்து கென்டக்கிக்கு அனுப்பி, சாமர்செட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 1916இல் சேர வைத்தார். விட்டுப்போன பாடங்களை அங்கே முடித்தால்தான் சென்டரில் இடம். இருபத்தோரு வயதுப் பையன் மறுபடி பள்ளி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அதே சாமர்செட்டில்தான் ரெட் ராபர்ட்ஸ் என்ற உள்ளூர்ப் பையன் இவர்களுக்குத் தோழன் ஆனான். பின்னாளில் ஹெல்மெட் போடாமலே ஆடிப் பெயர் வாங்கிய ராபர்ட்ஸ் இவன்தான். பயிற்சி வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஆட்டம் நன்றாக ஆடுகிற பையனைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை, மைதானத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். அவனை அரியர் இல்லாமல் வைத்திருப்பது, ஹாஸ்டல் சாப்பாடு கிடைக்க வழி செய்வது, வீட்டில் "இவன் விளையாடி என்ன கிழிக்கப் போகிறான்" என்று சொல்லும் அப்பாவிடம் போய்ப் பேசுவது, இதுதான் வேலை. என் பையன்களில் பாதிப்பேரை நான் மைதானத்தில் பார்த்ததைவிடப் பரீட்சை ஹாலுக்கு வெளியே காத்திருந்து பார்த்ததுதான் அதிகம்.

1917இல் மயர்ஸ் சென்டருக்கே பயிற்சியாளராக வந்தார். ஆரம்பத்திலேயே டிபா பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள். அந்த ஒரு தோல்வியில் அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: பையன்களைச் சேர்க்கத் தன்னால் முடிகிறது, ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க இன்னும் தெரிந்த ஆள் வேண்டும். பதவியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் சார்லி மோரனை அழைத்தார். மோரன் அதற்கு முன் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு 1909 முதல் 1914 வரை பயிற்சி கொடுத்தவர். கோடையில் பேஸ்பால் நேஷனல் லீக்கில் அம்பயர், குளிர்காலத்துக்கு முன் ஃபுட்பால் கோச். மயர்ஸ் விளையாட்டுத் துறையைக் கவனித்துக்கொண்டு பின்னால் நின்றார். தன் கையால் வளர்த்த பிள்ளைகளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என்னைப் பொறுத்தவரை ஹார்வர்டை வென்ற கதையில் மிகப் பெரிய செயல் இதுதான்.

1919இல் சென்டர் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் வென்றது. வெஸ்ட் வர்ஜீனியாவிடம் பாதி ஆட்டம் முடிந்தபோது 6-0 என்று பின்தங்கியிருந்து, கடைசியில் 14-6 என்று ஜெயித்தார்கள். ஆட்டத்துக்கு முன் அணி முழுவதும் கூடி ஜெபம் செய்யும் பழக்கம் இவர்களுக்கு உண்டு. அதனால் பத்திரிகைகள் 'ஜெபம் செய்யும் கர்னல்கள்' என்று பெயர் வைத்தன. அந்த வருடம் வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அகில அமெரிக்க அணியில் மெக்மில்லினும் வீவரும் முதல் பதினொருவரிலேயே இடம் பிடித்தார்கள். கேம்ப் என்பவர் இந்த ஆட்டத்தின் விதிகளையே வகுத்த பெரியவர். அவர் பட்டியலில் வந்தால் நாடே திரும்பிப் பார்க்கும். ஆக, 1921க்கு இரண்டு வருடம் முன்பே சென்டரை நாட்டுக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்த அணி என்பது எப்படிப் பொருந்தும்?

ஹார்வர்டும் இவர்களை அறியாமல் ஏமாந்துவிடவில்லை. 1920 அக்டோபர் 23 அன்று இரண்டு அணியும் அதே பாஸ்டன் மைதானத்தில் மோதியிருக்கின்றன. உங்கள் குறிப்பில் இது இல்லவே இல்லை. பாதி ஆட்டம் வரை 14-14, சமம். அப்புறம் ஹார்வர்டின் ஆள் பலம் வேலை செய்தது. புதிது புதிதாக ஆட்கள் உள்ளே வர, சென்டர் பையன்கள் களைத்துப்போனார்கள். 31-14 என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு கேப்டன் பந்தை மெக்மில்லினிடம் நினைவாகக் கொடுக்க வந்ததாகவும், அடுத்த வருடம் வந்து ஜெயித்தே எடுத்துக்கொள்கிறோம் என்று இவர் மறுத்ததாகவும் டான்வில்லில் சொல்கிறார்கள். அடுத்த வாரமே ஜார்ஜியா டெக் இவர்களை 24-0 என்று சாத்தியது. இரண்டு வாரத்தில் இரண்டு தோல்வி. அதோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மீதி ஆட்டங்களை ஜெயித்து, 1921 புத்தாண்டு அன்று ஃபோர்ட் வொர்த்துக்கே போய் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 63-7 என்று வென்றார்கள். படிப்பு முடிக்க வழியில்லாமல் ஊரைவிட்டுப் போன பையன்கள் சொந்த ஊர் ஜனங்கள் முன்னால் ஆடிய ஆட்டம் அது. மயர்ஸுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

இனி 1921 பருவம். நாரிஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கேப்டன். கிளெம்சனை 14-0, வர்ஜீனியா பாலிடெக்னிக்கை 14-0, சின்சினாட்டியின் செயின்ட் சேவியரை 28-6. அந்த ஆறு புள்ளியைக் கவனியுங்கள். நவம்பர் கடைசி வரை ஒன்பது ஆட்டத்தில் இவர்கள் விட்டுக்கொடுத்தது அந்த ஆறு மட்டும்தான். எடுத்தது 282. செயின்ட் சேவியருக்கு அடுத்த ஆட்டத்தில் லெக்ஸிங்டனின் டிரான்சில்வேனியா கல்லூரியை 98-0 என்று அடித்தார்கள். எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. பலம் குறைந்த அணியை ஐம்பதோடு விட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள் என்பது ஒரு சமாதானம் அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, 1921 அக்டோபர் 29, சனிக்கிழமை. ஹார்வர்டு ஸ்டேடியத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். நேர்மையாகச் சொன்னால் ஹார்வர்டு அந்த நேரத்தில் முந்தைய வருடத்து பலத்தில் இல்லை. முந்தின வாரம் பென் ஸ்டேட்டுடன் 21-21 என்று சமன் செய்திருந்தார்கள், அடுத்த வாரம் பிரின்ஸ்டனிடமும் தோற்றார்கள். இருந்தாலும் தோல்வி காணாத அணிதான் அன்று களத்தில் இறங்கியது.

முதல் பாதியில் இரு பக்கமும் புள்ளி இல்லை. முந்தைய வருடம் பாதி ஆட்டத்துக்குப் பிறகுதான் சென்டர் சரிந்தது. அதனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இனி பழைய கதைதான் என்று நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. மூன்றாவது கால் பகுதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், ஹார்வர்டு செய்த தவறுக்கு பெனால்டி கிடைத்து, பந்து ஹார்வர்டின் 32 கெஜக் கோட்டுக்கு வந்தது. மெக்மில்லின் பந்தை வாங்கிக்கொண்டு மைதானத்தின் ஓரமாக ஓடினார். தடுப்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். திடீரென்று உள்பக்கம் வெட்டித் திரும்பினார். ரெட் ராபர்ட்ஸ் போன்றவர்கள் குறுக்கே வந்தவர்களைத் தள்ளி வழி செய்ய, நேராகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. 6-0.

ஓட்டம் என்னவோ சில வினாடிதான். அதற்குப் பிறகு இருந்தது கிட்டத்தட்ட அரை ஆட்டம். என் பார்வையில் சென்டர் ஜெயித்தது அந்த அரை ஆட்டத்தில்தான். ஹார்வர்டு புதிய ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. இவர்களோ முந்தைய வருடம் களைத்துப் போன அதே மைதானத்தில், அதே போன்ற பையன்களுக்கு எதிராக, இந்தத் தடவை களைக்காமல் நின்றார்கள். ஒரு ஓட்டத்தை அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அத்தனை நேரம் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் நின்றதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பெயர் உடல் தகுதி. வருடம் முழுக்க காலையில் எழுந்து ஓடினால்தான் அது வரும்.

ஆட்டம் முடிந்ததும் சென்டருக்காகக் கத்திக்கொண்டிருந்த எம்.ஐ.டி. (அங்கே பக்கத்தில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) மாணவர்கள் உள்ளே பாய்ந்து கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். கென்டக்கி கவர்னர் எட்வின் மாரோ, இந்த நேரத்தில் கவர்னராக இருப்பதைவிட போ மெக்மில்லினாக இருக்கத்தான் ஆசை என்று சொன்னார். மாரோவும் சாமர்செட்காரர், பையன்கள் பாடம் முடித்த அதே ஊர். டான்வில்லில் வீதி வீதியாக "சி6எச்0" என்று சுண்ணாம்பாலும் பெயின்ட்டாலும் எழுதினார்கள். சென்டர் ஆறு, ஹார்வர்டு பூஜ்யம். பார்த்தால் வேதியியல் வாய்ப்பாடு போல இருக்கும். கல்லூரிப் பக்கம் பழைய தபால் நிலையக் கட்டிடத்துச் சுவரில் அது இன்னும் இருக்கிறது. என் மகள் வேதியியல் படித்தவள். ஹைட்ரஜன் இல்லாமல் இப்படி ஒரு சேர்மம் கிடையாதே அப்பா என்றாள். அதனால்தான் அன்றைக்கே அதை 'நடக்க முடியாத வாய்ப்பாடு' என்று சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள்.

ஹார்வர்டோடு பருவம் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கென்டக்கி பல்கலைக்கழகத்தை 55-0. ஆபர்னை 21-0, வாஷிங்டன் அண்ட் லீயை 25-0, நியூ ஆர்லியன்ஸ் போய் டுலேனை 21-0. பெரிய வெற்றிக்குப் பிறகு அடுத்த வாரம் கால் இடறுவது அணிகளுக்குச் சகஜம். பாராட்டு விழா, பொன்னாடை, போட்டோ என்று பயிற்சி கெட்டுவிடும். இவர்கள் நான்கு வாரமும் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுக்கவில்லை. எனக்குப் பாஸ்டன் வெற்றியைவிட இந்த நான்கு வாரம்தான் ஆச்சரியம்.

டிசம்பர் 26 அன்று ரயிலில் நாட்டின் மறுகோடிக்குப் போய் சான் டியேகோவில் அரிசோனாவை 38-0 என்று வென்றார்கள். அங்கிருந்து டெக்சஸ். 1922 ஜனவரி 2 அன்று டல்லஸில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியோடு ஆட்டம். மோரன் முன்பு பயிற்சி கொடுத்த அதே கல்லூரி. மெக்மில்லினுக்கு அன்று காலையில் ஃபோர்ட் வொர்த்தில் கல்யாணம், மத்தியானம் மேட்ச். அந்த ஒரு ஆட்டத்தில்தான் 22-14 என்று தோற்றார்கள். அதிலும் ஒரு சரித்திரம் பிறந்தது. ஏ அண்ட் எம் பக்கம் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியே வர, மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற நிலையில், பத்திரிகையாளர்களுக்கு உதவியாக மேலே உட்கார்ந்திருந்த கிங் கில் என்ற மாணவனைக் கோச் கீழே கூப்பிட்டு உடை மாற்றச் சொன்னார். அவன் கடைசி வரை களம் இறங்க வேண்டிய தேவை வரவில்லை, ஆனாலும் தயாராக நின்றுகொண்டே இருந்தான். அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றும் 'பன்னிரண்டாவது ஆள்' என்று சொல்லி ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பது அந்த நாளிலிருந்து வந்த வழக்கம். தோற்றவர்கள் பதினோரு ஆட்டத்தில் பத்தை ஜெயித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இவர்கள் மேல் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். டெக்சஸ் ஆட்களை இறக்குமதி செய்து ஆடினார்கள், மெக்மில்லினுக்கு அப்போது இருபத்தாறு வயது, அது படிக்கிற பையனின் வயதா என்கிறார்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். மெக்மில்லின் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டுப் போனதும் உண்மை. அது எனக்கும் வருத்தம்தான். சாமர்செட்டில் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் டான்வில்லில் கடைசிப் பரீட்சை வரை கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைத் தேடியவன் நான். வேறு வழியில் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒரு கதவைத் திறந்தால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கதவு யாருக்குத் திறக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 1904இல் கென்டக்கி சட்டசபை டே சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒரே பள்ளியில், ஒரே கல்லூரியில் படிக்கக் கூடாது என்பது சட்டம். இரு இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பெரியா கல்லூரியைக் குறிவைத்துச் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908இல் சட்டம் செல்லும் என்றார்கள். ஆகவே 1921இல் டான்வில்லிலேயே பிறந்து, மெக்மில்லினைவிட வேகமாக ஓடக்கூடிய ஒரு கருப்பினப் பையன் இருந்திருந்தால்கூட, அவனை மயர்ஸ் தேடிப் போயிருக்க முடியாது. தோற்ற ஹார்வர்டில் 1892இலேயே வில்லியம் ஹென்றி லூயிஸ் என்ற கருப்பின வீரர் ஆடியிருக்கிறார். சின்ன அணி என்பதால் எல்லா விஷயத்திலும் நம் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த 1908 வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எதிர்த்து எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் தனி ஒருவராக நின்று, இனத்தால் பிரித்துவைப்பது தவறு என்று எழுதியவரும் அவர்தான். அவர் படித்தது இதே சென்டர் கல்லூரி, 1850இல் பட்டம் பெற்றவர். டான்வில்லில் ஃபுட்பால் கதை கேட்கப் போகிறவர்கள் ஹார்லன் கதையையும் கேட்டுவிட்டு வர வேண்டும்.

சென்டர் அடுத்த வருடமும் ஹார்வர்டுக்குப் போய் 24-10 என்று தோற்றது. மெக்மில்லின் அப்போது இல்லை. இப்போது அந்தக் கல்லூரி விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் கொடுக்காத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. இதைப் பார்த்துத்தான் 'ஒரு நாள் அதிசயம்' என்று எழுதத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும். மெக்மில்லின் பயிற்சியாளர் ஆனார். பென்சில்வேனியாவில் ஜெனிவா என்று இன்னொரு குட்டிக் கல்லூரி. 1926இல் அந்த அணியைக் கூட்டிக்கொண்டு அதே ஹார்வர்டு ஸ்டேடியத்துக்குப் போய் 16-7 என்று ஹார்வர்டைத் தோற்கடித்தார். வேறு கல்லூரி, வேறு பையன்கள், ஐந்து வருட இடைவெளி. அதிசயம் என்பது இப்படி இரண்டாவது தடவை சொல்லிவைத்த மாதிரி வராது. பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு 1945இல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டம் வாங்கிக் கொடுத்தார். நார்த் சைடு பள்ளியின் இன்னொரு பையன் மேட்டி பெல், 1935இல் சதர்ன் மெத்தடிஸ்ட் அணியை ரோஸ் பௌல் வரை கொண்டுபோனார். ஃபோர்ட் வொர்த்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் போட்ட விதை இது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்தக் 'கோல்' பிழையைத் திருத்தி ஒரு வரி போடுங்கள், பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்தது, நம் ஊர் விஷயம். மண்டல, மாவட்ட அளவுப் போட்டிச் செய்திகளை நான் இங்கிருந்தும் தினமும் செல்பேசியில் படிக்கிறேன். கோப்பை கொடுத்த பிரமுகரின் பெயர், பதவி, மேடையில் உட்கார்ந்திருந்தவர்களின் வரிசை எல்லாம் வருகிறது. ஜெயித்த பிள்ளைகளின் பெயர் பல நாள் வருவதில்லை, அவர்களைத் தயார் செய்த பி.டி. சாரின் பெயர் வருவதே இல்லை. இடம் குறைவு என்றால் மேடைப் பெயர்களில் இரண்டைக் குறைத்துக்கொண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும் பயிற்சியாளர் பெயரையும் போடுங்கள். நவம்பரில் கல்லூரிகளுக்கு இடையேயான ஹாக்கி தொடங்கிவிடும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிசிகல் டைரக்டர்,
கோவில்பட்டி
(தற்போது லெக்ஸிங்டன், கென்டக்கி)